அமெரிக்க அதிபரால் முடிவதும் முடியாததும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளை மாளிகையில் ஒரு காகிதத்தில் கையெழுத்து விழுகிறது. மறுநாள் திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்பவரும், டல்லஸில் எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "இவர் நினைத்தால் இப்படிச் செய்துவிட முடியுமா?" இந்தக் கேள்வியின் பல வடிவங்களுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம்.

அதிபரின் அதிகாரம் எங்கிருந்து வருகிறது?

இரண்டு இடங்களிலிருந்து. முதலாவது அரசியல் சாசனத்தின் இரண்டாம் பிரிவு. படைகளுக்குத் தலைமைத் தளபதி, குற்றவாளிகளுக்கு மன்னிப்பு, செனட் என்ற நாடாளுமன்ற மேலவையின் சம்மதத்தோடு நியமனங்களும் ஒப்பந்தங்களும், சட்டங்கள் ஒழுங்காக நிறைவேறுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. ஏறக்குறைய இவ்வளவுதான். மொத்தப் பிரிவையும் பத்து நிமிடத்தில் படித்துவிடலாம்.

இரண்டாவது, காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், இயற்றிய சட்டங்கள். "இன்ன நிலைமை வந்தால் அதிபர் இன்னதைச் செய்யலாம்" என்று இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளாகக் காங்கிரஸ் எழுதி வைத்த சட்டங்கள் மலைபோலக் குவிந்திருக்கின்றன. இறக்குமதி வரி, பொருளாதாரத் தடை, விசாத் தடை என்று செய்தியில் நாம் பார்க்கும் பெரும்பாலானவை இந்தக் குவியலிலிருந்தே வருகின்றன. அதிபர் பறித்துக்கொண்ட அதிகாரம் என்று பலர் நினைப்பதில் பெரும்பகுதி, காங்கிரஸ் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க முடியாமல் தவிக்கும் அதிகாரம்தான்.

நிர்வாக ஆணை என்றால் சட்டமா?

அரசுத் துறைகளுக்கு அதிபர் இடும் கட்டளை அது. அதற்குச் சாசனத்திலோ ஒரு சட்டத்திலோ வேர் இருந்தால் சட்டத்தைப் போலவே செல்லும், இல்லாவிட்டால் செல்லாது. 1948இல் ட்ரூமன் 9981ஆம் எண் ஆணையால் ராணுவத்தில் இனப் பாகுபாட்டை முடிவுக்குக் கொண்டுவந்தார். 1942இல் ரூஸ்வெல்ட்டின் 9066ஆம் எண் ஆணையால் ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். இரண்டுக்கும் கருவி ஒன்றுதான்.

அதன் எல்லை எங்கே என்று காட்டிய வழக்கு 1952இல் வந்தது. கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. எஃகு ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். அது தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பு, ஏப்ரல் 8 அன்று, ஆலைகளை அரசு எடுத்துக்கொள்ளும்படி வணிகத் துறைச் செயலர் சாயருக்கு ட்ரூமன் ஆணையிட்டார். வேலைநிறுத்தத்தை 80 நாள் தள்ளிப்போட 1947ஆம் ஆண்டின் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்தில் வழி இருந்தும் அவர் அதைப் பயன்படுத்தவில்லை. ஆலைகளைக் கைப்பற்றும் அதிகாரத்தை அதே சட்டத்தில் சேர்க்கலாமா என்று காங்கிரஸ் ஏற்கெனவே யோசித்து, வேண்டாம் என்று விட்டிருந்தது. ஜூன் 2 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் ஆணையைச் செல்லாததாக்கியது. ட்ரூமன் அன்றே ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். அதன்பின் நடந்த வேலைநிறுத்தம் 53 நாள் நீடித்தது.

அந்தத் தீர்ப்பில் நீதிபதி ராபர்ட் ஜாக்சன் தனியாக எழுதிய கருத்துதான் இன்றும் அளவுகோல். காங்கிரஸ் அனுமதித்த இடத்தில் அதிபரின் பலம் உச்சத்தில் இருக்கும். காங்கிரஸ் வாய் திறக்காத இடம் அந்தி வெளிச்சம் போன்றது, இரண்டு பக்கமும் வாதாடலாம். காங்கிரஸ் வேண்டாம் என்ற இடத்தில் அவர் பலம் அடிமட்டத்துக்குப் போய்விடும்.

ஓர் ஆணை வெளிவந்தால் அதில் முதலில் எதைப் பார்ப்பது?

முதல் வாக்கியத்தை. "சாசனமும் அமெரிக்காவின் சட்டங்களும் எனக்கு அளித்த அதிகாரத்தின்படி" என்று தொடங்கி, பெரும்பாலும் இன்ன சட்டத்தின் இன்ன பிரிவு என்றும் சொல்லும். அந்தப் பிரிவைத் தேடிப் படித்தால் கால வரம்பு, உச்ச வரம்பு, முன்நிபந்தனை எல்லாம் அதில் இருக்கும். சட்டம் எதையும் குறிப்பிடாமல் "சாசனமும் சட்டங்களும்" என்று பொதுவாக மட்டும் சொன்னால், பெரும்பாலும் துறைகளுக்கு "ஆய்வு செய்யுங்கள், அறிக்கை கொடுங்கள்" என்று சொல்லும் ஆணையாக இருக்கும். அதற்கு அன்றைக்கே பதற வேண்டியதில்லை.

அடுத்து, நடைமுறைக்கு வரும் தேதியையும் விதிவிலக்குகளையும் பாருங்கள். தலைப்புச் செய்தியில் இவை இரண்டும் பெரும்பாலும் விடுபட்டுப் போகும். இன்னொன்று: ஒரு அதிபர் போட்ட ஆணையை அடுத்தவர் முதல் நாளிலேயே கிழித்துப் போடலாம். சட்டத்தை அப்படிச் செய்ய முடியாது.

இறக்குமதி வரியை அதிபர் தன்னிச்சையாக உயர்த்தலாமா?

வரி விதிக்கும் அதிகாரத்தைச் சாசனம் காங்கிரஸுக்குத்தான் தந்திருக்கிறது. ஆனால் காங்கிரஸ் அதைத் துண்டு துண்டாக அதிபருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின் 232ஆம் பிரிவு தேசப் பாதுகாப்புக்கானது. எஃகு, அலுமினியம் மீதான வரி இதன்படி வந்தது. முதலில் வணிகத் துறை விசாரித்து அறிக்கை தர வேண்டும், அதற்கு 270 நாள் வரை ஆகலாம். 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 301ஆம் பிரிவு, மற்ற நாடுகளின் முறையற்ற வணிகத்துக்கு எதிரானது, அதற்கும் விசாரணை வேண்டும். அதே சட்டத்தின் 122ஆம் பிரிவுக்கு விசாரணை வேண்டாம். ஆனால் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, 150 நாளுக்கு மேல் நீட்டிக்கக் காங்கிரஸ் சம்மதிக்க வேண்டும்.

2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் மீது முதலில் 25 விழுக்காடும், ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி மேலும் 25 விழுக்காடும் விதித்தது இவற்றின்படி அல்ல. 1977ஆம் ஆண்டின் சர்வதேச அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டத்தின்படி. அந்தச் சட்டத்தில் "இறக்குமதியை ஒழுங்குபடுத்தலாம்" என்று இருக்கிறது, "வரி" என்ற சொல் இல்லை. ஒழுங்குபடுத்துவதில் வரி போடுவதும் அடங்குமா? வழக்கு முழுக்க இந்தக் கேள்விதான். 2025 மே மாதம் நியூயார்க்கில் உள்ள சர்வதேச வணிக நீதிமன்றமும், ஆகஸ்ட் 29 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏழுக்கு நான்கு என்ற கணக்கிலும் அடங்காது என்றன. அதன்பின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஏற்றுமதி செய்பவர்கள் கவனிக்க வேண்டியது விழுக்காட்டை மட்டுமல்ல. எந்தப் பிரிவின் கீழ் வரி வருகிறது என்பதைப் பொறுத்தே அது எத்தனை காலம் நிற்கும் என்று கணிக்க முடியும்.

எச்-1பி விசாவை ஒரே கையெழுத்தில் ஒழித்துவிட முடியுமா?

விசா வகையை ஒழிக்க முடியாது. ஆண்டுக்கு 65,000, அமெரிக்காவில் முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கு மேலும் 20,000 என்ற எண்ணிக்கை சட்டத்தில் உள்ளது. க்ரீன் கார்டில் எந்த நாட்டுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்ற வரம்பும் சட்டத்தில்தான் இருக்கிறது. இந்தியர்களை ஆண்டுக்கணக்கில் காக்க வைப்பது அதுதான். எந்த அதிபர் வந்தாலும், அவர் எவ்வளவு நல்லெண்ணத்தோடு இருந்தாலும், அதை அவரால் தளர்த்த முடியாது. அதற்குக் காங்கிரஸ் சட்டம் திருத்த வேண்டும்.

ஆனால் நுழைவைத் தடுக்க முடியும். குடியேற்றச் சட்டத்தின் 212(எஃப்) பிரிவு, வெளிநாட்டவர் வருகை நாட்டின் நலனுக்குக் கேடு என்று அதிபர் கருதினால் நிறுத்திவைக்கலாம், நிபந்தனை விதிக்கலாம் என்கிறது. இதன் வீச்சு மிகப் பெரியது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஒப்புக்கொண்டது. 2025 செப்டம்பர் 19 அன்று புதிய எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்று வந்த அறிவிப்பும் இதே பிரிவைத்தான் காட்டியது. அன்று இரவு விமானத்திலிருந்து இறங்கி ஓடியவர்களும், பயணத்தை ரத்து செய்தவர்களும் உண்டு. மறுநாள்தான் விளக்கம் வந்தது: புதிய மனுக்களுக்கு மட்டும், ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்கள் திரும்பி வரவோ புதுப்பிக்கவோ இது பொருந்தாது என்று. இது போன்ற அறிவிப்பு வரும் முதல் 24 மணி நேரத்தில் நிறுவனத்தின் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

வீட்டோ எப்படி வேலை செய்கிறது?

மசோதா அதிபரின் மேசைக்கு வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுப் பத்து நாள். கையெழுத்திட்டால் சட்டம். காரணம் எழுதித் திருப்பி அனுப்பினால் வீட்டோ. எதுவும் செய்யாமல் விட்டால், காங்கிரஸ் கூடியிருக்கும்போது தானாகவே சட்டமாகிவிடும். அதற்குள் காங்கிரஸ் கலைந்து போய்விட்டால் மசோதா செத்துவிடும், அதற்குப் பெயர் பாக்கெட் வீட்டோ.

வீட்டோவை முறியடிக்க இரு அவைகளிலும் வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். எல்லோரும் வந்திருந்தால் பிரதிநிதிகள் சபையில் 290, செனட்டில் 67. இதுவரை போடப்பட்ட 2,500க்கும் மேற்பட்ட வீட்டோக்களில் முறியடிக்கப்பட்டவை நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. மசோதாவில் பிடிக்காத வரியை மட்டும் அடித்துவிட்டு மீதியை ஏற்க முடியாது. அதற்கு வழி செய்த 1996ஆம் ஆண்டுச் சட்டத்தை 1998இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

காங்கிரஸ் ஒதுக்கிய பணத்தைச் செலவழிக்க மாட்டேன் என்று சொல்லலாமா?

சட்டப்படி முடியாது. நிக்சன் பல திட்டங்களுக்கான நிதியை முடக்கியதால் 1974இல் ஒரு சட்டம் வந்தது. ஒரு தொகை வேண்டாம் என்றால் அதிபர் காங்கிரஸிடம் கேட்க வேண்டும், 45 அமர்வு நாட்களுக்குள் காங்கிரஸ் ஒப்புக்கொள்ளாவிட்டால் பணத்தை விடுவிக்க வேண்டும்.

ஓட்டை எங்கே என்றால், நிதியாண்டு செப்டம்பர் 30இல் முடிகிறது. ஆகஸ்ட் கடைசியில் கேட்டால் 45 நாள் முடிவதற்குள் ஒதுக்கீடே காலாவதியாகிவிடும். 2025இல் 490 கோடி டாலர் வெளிநாட்டு உதவித் தொகைக்கு இப்படித்தான் நடந்தது, செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றமும் பணத்தை நிறுத்தி வைக்க இடைக்காலமாக அனுமதித்தது. பணப்பெட்டியின் சாவி காங்கிரஸிடம் என்ற சாசனத்தின் அடிப்படையையே இது அரிக்கிறது. சண்டையிடும் இரண்டு கட்சிகளும் இதைக் கவலையோடு பார்க்க வேண்டும்.

எதிர்த்திசையில் வரம்பு இன்னும் உறுதியானது: ஒதுக்காத பணத்தை அதிபர் செலவழிக்க முடியாது. ஒதுக்கீடு இல்லாமல் 2018–19இல் 35 நாளும், 2025இல் 43 நாளும் அரசு அலுவலகங்கள் முடங்கியது அதனால்தான்.

அவசரநிலை அறிவித்தால் என்ன மாறும்?

அமெரிக்க அவசரநிலை என்பது 1975இல் இந்தியா கண்டதைப் போன்றதல்ல. அடிப்படை உரிமைகள் ரத்தாவதில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட சட்டங்களில் தூங்கிக்கொண்டிருக்கும் தனி அதிகாரங்கள் விழித்துக்கொள்ளும். எவை என்று அறிவிப்பிலேயே சொல்ல வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். 1979இல் ஈரான் பணயக்கைதிகள் பிரச்சினையில் கார்ட்டர் அறிவித்தது நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் புதுப்பிக்கப்பட்டு வருகிறது!

1976இல் சட்டம் எழுதியபோது, காங்கிரஸின் இரு அவைகளும் தீர்மானம் போட்டால் அவசரநிலை முடிந்துவிடும், அதிபர் கையெழுத்து வேண்டாம் என்று வைத்தார்கள். 1983இல் சாதா என்பவரின் வழக்கு அதைக் கெடுத்தது. கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளி மாணவர் ஜகதீஷ் ராய் சாதாவை நாடு கடத்த வேண்டாம் என்று குடியேற்ற அதிகாரிகள் முடிவெடுத்தார்கள். பிரதிநிதிகள் சபை தனியாக வாக்களித்து அதை மாற்றியது. அதிபர் முன் வைக்காமல் காங்கிரஸ் இப்படிச் செய்யக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். சாதாவுக்கு நியாயம் கிடைத்தது. ஆனால் அன்றிலிருந்து அவசரநிலையை முடிக்கும் தீர்மானமும் அதிபரின் வீட்டோவுக்கு உட்பட்டது. 2019இல் எல்லைச் சுவர் அவசரநிலைக்கு எதிராக இரு அவைகளும் வாக்களித்தன, ட்ரம்ப் வீட்டோ செய்தார், சபையில் 248–181 என்று வந்தும் மூன்றில் இரண்டு பங்கு எட்டவில்லை. அதாவது கொடுப்பதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும், திரும்ப வாங்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

போரை யார் தொடங்கலாம்?

போர் அறிவிப்பது காங்கிரஸ், படையை நடத்துவது அதிபர். காங்கிரஸ் கடைசியாகப் போர் அறிவித்தது 1942இல். கொரியா, வியட்நாம், இராக் எல்லாம் அதற்குப் பின்னால் நடந்தவை. வியட்நாமின் கசப்பில் 1973ஆம் ஆண்டுப் போர் அதிகாரத் தீர்மானம் நிக்சனின் வீட்டோவை முறியடித்து நிறைவேறியது. படையைச் சண்டையில் இறக்கினால் 48 மணி நேரத்தில் காங்கிரஸுக்கு அறிக்கை, 60 நாளுக்குள் அனுமதி, கிடைக்காவிட்டால் படையைத் திரும்பப் பெற மேலும் 30 நாள்.

நடைமுறையில் கடிகாரம் ஓடுவதே இல்லை. 2011இல் லிபியா மீது குண்டு வீச்சு 60 நாளைத் தாண்டியபோது, அங்கே தரைப்படை இல்லை, எனவே சட்டம் சொல்லும் "சண்டை" இது அல்ல என்றது ஒபாமா அரசு. நீதிமன்றங்கள் இந்த வழக்குகளில் தலையிடத் தயங்குகின்றன. அதிபரின் அதிகாரம் காகிதத்தில் இருப்பதைவிட நிஜத்தில் மிகப் பெரிதாக இருக்கும் இடம் இதுதான். அணு ஆயுதத்தில் அது இன்னும் அப்பட்டம்: உத்தரவுக்கு இன்னொருவர் கையெழுத்துத் தேவையில்லை.

மாநிலங்களுக்குள் ராணுவத்தை அனுப்பலாமா?

1878ஆம் ஆண்டுச் சட்டம் ராணுவத்தைப் போலீஸ் வேலைக்குப் பயன்படுத்தத் தடை போடுகிறது. விதிவிலக்கு 1807ஆம் ஆண்டின் கிளர்ச்சிச் சட்டம். அதைப் பயன்படுத்துமுன், கூட்டத்தினர் கலைந்து போகும்படி அதிபர் முறைப்படி அறிவிப்பு வெளியிட வேண்டும். 1957இல் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் பள்ளிக்குள் கறுப்பின மாணவர்கள் ஒன்பது பேரை விடாமல் தடுத்த ஆளுநரை மீறி அதிபர் ஐசனோவர் ராணுவத்தின் 101ஆவது வான்குடைப் படைப் பிரிவை அனுப்பியது இந்த வழியில்தான்.

அதிபரின் மன்னிப்புக்கு எல்லை உண்டா?

மிகக் குறைவு. மத்திய அரசின் சட்டப்படியான குற்றங்களுக்கு மட்டும் செல்லும். மாநிலக் குற்றத்துக்குச் செல்லாது, தனியார் தொடுத்த நஷ்ட ஈட்டு வழக்குக்கும் செல்லாது, பதவிநீக்க விசாரணையையும் தடுக்காது. இந்தியக் குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே மன்னிப்பார். அமெரிக்க அதிபர் யாரையும் கேட்க வேண்டாம். குற்றப்பத்திரிகை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்: 1974 செப்டம்பரில் ஃபோர்டு, வழக்கே தொடுக்கப்படாத நிக்சனுக்கு அவர் ஆட்சிக்காலம் முழுவதற்கும் மன்னிப்பு வழங்கினார். இனி நடக்கப்போகும் குற்றத்துக்கு முன்கூட்டி மன்னிப்புத் தர முடியாது.

தன்னைத் தானே மன்னிக்கலாமா? யாரும் செய்து பார்க்கவில்லை. நிக்சன் விலகுவதற்கு நான்கு நாள் முன்பு அவர் அரசின் நீதித் துறை (நம் சட்ட அமைச்சகம் போன்றது) எழுதிய குறிப்பு, தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக முடியாது என்றது.

யாரை வேண்டுமானாலும் நியமிக்கலாமா, நீக்கலாமா?

அமைச்சர்கள், நீதிபதிகள், தூதர்கள் என ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதவிகளுக்குச் செனட் ஒப்புதல் வேண்டும். அமைச்சரை நீக்க யாரையும் கேட்க வேண்டாம். நீதிபதியை நீக்க முடியாது. மத்திய வங்கி ஆளுநர்களுக்கு 14 ஆண்டுப் பதவிக்காலம். தகுந்த காரணம் இருந்தால்தான் நீக்கலாம் என்கிறது சட்டம், வட்டி விகிதத்தை அதிபர் நிர்ணயிப்பதும் இல்லை.

தேர்தலைத் தள்ளிவைக்கவோ மூன்றாம் முறை நிற்கவோ முடியுமா?

தேர்தல் நாளை 1845ஆம் ஆண்டுச் சட்டம் குறித்திருக்கிறது: நவம்பரின் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய். தேர்தலை நடத்துவது மாநிலங்கள். அதிபருக்கு இதில் பங்கே இல்லை. ஏதோ காரணத்தால் தேர்தலே நடக்காமல் போனாலும், ஜனவரி 20 நண்பகலில் பதவிக்காலம் தானாக முடியும். 1951இல் நடைமுறைக்கு வந்த சாசனத்தின் 22ஆவது திருத்தம் இரண்டு முறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட முடியாது என்கிறது. அதை மாற்ற இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கும், 38 மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும்.

துணை அதிபருக்கு என்ன அதிகாரம்?

செனட்டில் வாக்குகள் சமமானால் ஒரு வாக்கு. மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரத்தைத் தாய்வழிப் பூர்வீகமாகக் கொண்ட கமலா ஹாரிஸ் அப்படி 33 முறை வாக்களித்தார், அது சாதனை. 2021 நவம்பர் 19 அன்று பைடன் மருத்துவப் பரிசோதனைக்காக மயக்க மருந்து எடுத்துக்கொண்டபோது, 25ஆவது திருத்தப்படி 85 நிமிடம் அதிபரின் அதிகாரம் முழுவதும் அவர் கையில் இருந்தது. 2025 ஜனவரி 6 அன்று தன் தோல்வியை உறுதிசெய்யும் வாக்கு எண்ணிக்கைக்கும் அவரே தலைமை வகித்தார். அந்த எண்ணிக்கையில் துணை அதிபருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் எதுவும் இல்லை என்று 2022இல் சட்டமாகவே எழுதிவிட்டார்கள்.

அதிபரை எப்படி நீக்குவது? அவர் மீது வழக்குப் போடலாமா?

நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்று ஒன்று அங்கே கிடையாது. பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றம் சாட்டும், செனட் விசாரித்து மூன்றில் இரண்டு பங்கால் நீக்கும். ஆண்ட்ரூ ஜான்சன் 1868இல் ஒரே வாக்கில் தப்பினார். கிளிண்டன் ஒருமுறை, ட்ரம்ப் இருமுறை குற்றம் சாட்டப்பட்டார்கள். இதுவரை செனட் யாரையும் நீக்கியதில்லை.

குற்ற வழக்கைப் பொறுத்தவரை, உச்ச நீதிமன்றத்தின் 2024 ஜூலை 1 தீர்ப்பு நிலைமையை மாற்றியது. சாசனம் தந்த மைய அதிகாரங்களைப் பயன்படுத்தியதற்கு முழுப் பாதுகாப்பு. மற்ற அலுவல்பூர்வச் செயல்களுக்கும் பாதுகாப்பு உண்டு என்றே முதலில் கொள்ளப்படும். சொந்தச் செயல்களுக்கு இல்லை. எது அலுவல், எது சொந்தம் என்று பிரிப்பதில்தான் இனி வழக்குகள் இழுபடும்.

நீதிமன்றத் தீர்ப்பை அதிபர் மதிக்காவிட்டால்?

நீதிமன்றத்துக்குப் படை இல்லை. அதன் உத்தரவை நிறைவேற்றும் மார்ஷல்கள் என்ற மத்தியக் காவலர்களே அதிபரின் நீதித் துறைக்குக் கீழ்தான் வேலை செய்கிறார்கள். தீர்ப்பை மீறும் அதிபருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் காங்கிரஸ் உறுப்பினர்கள், அதிலும் முக்கியமாக அவருடைய கட்சிக்காரர்கள். 1974 ஜூலை 24 அன்று, வாட்டர்கேட் முறைகேட்டு வழக்குக்காக வெள்ளை மாளிகைப் பேச்சுகளின் ஒலிநாடாக்களைக் கொடு என்று உச்ச நீதிமன்றம் எட்டுக்குப் பூஜ்யம் என்று நிக்சனுக்கு உத்தரவிட்டது. ஆகஸ்ட் 5 அன்று நாடாவின் உள்ளடக்கம் வெளிவந்தது. இரண்டு நாள் கழித்து அவர் கட்சியின் மூத்த தலைவர்கள் மூவர் வெள்ளை மாளிகைக்குப் போய், செனட்டில் அவரைக் காப்பாற்றும் அளவுக்கு வாக்குகள் இல்லை என்று சொன்னார்கள். ஆகஸ்ட் 9 அன்று அவர் பதவி விலகினார்.